சித்தி மகனுக்கு: பாஸ்போர்ட்டில் அந்த முத்திரைப் பக்கத்தைப் பத்திரமாக வை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயரை இதில் எழுதவில்லை, காரணம் உனக்கே தெரியும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். "வேலையில இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. அதுவுமில்லாமல், பிரான்ஸில் பேப்பருக்காகக் காசு கொடுத்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமா என்று நீ கேட்ட அதே கேள்வியோடு இந்த வருஷம் நாலு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன வெள்ளிக்கிழமை சித்தி தவளக்குப்பத்தில் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் சுருக்குப் பை, அதற்குள் இரண்டு வளையலும் காசுமாலையும். வளையல் கழலவில்லையாம், காலையில் சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்திருக்கிறார், மணிக்கட்டில் எலும்பு மேல் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. "எந்த பேங்க்குல கிராமுக்கு அதிகம் குடுப்பான், நீதான் நாலு இடம் போறவ" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்டதும் எல்லாம் வெளியே வந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள ஒரு பெண், பேப்பருக்காக ஒரு கல்யாணம், பன்னிரண்டாயிரம் யூரோ, பாதி மேரியில், அதாவது அங்குள்ள நகராட்சி ஆபீஸில், கையெழுத்துக்கு முன்னால், மீதி உன் கையில் கார்த், அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, வந்த பிறகு. நம்ம காசுக்கு அது பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாது. (மேரி என்றதும் சித்தி நம்ம பீச் ரோட்டு மேரியை நினைத்துக்கொண்டு "அதான் இடிஞ்சி விழுந்துச்சே" என்றார். 2014 மழையில் விழுந்ததை அப்புறம் கட்டி முடித்துவிட்டார்கள் சித்தி என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தோம், அவ்வளவுதான் சிரிப்பு.)

நம்ம ஊரில் இது புதுசு இல்லை. என் அப்பா வழித் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், இந்தோசீனா வரை போனவர். 1962 ஆகஸ்ட் 16-ல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது ஆறு மாசம் தவணை கொடுத்தார்கள், அதற்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், மற்றவர்கள் தானாக இந்தியர்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார், அதனால் நான் பிரெஞ்சு. உன் அப்பா ஊரோ ரெட்டிச்சாவடி. முள்ளோடைச் சாராயக் கடைகளைத் தாண்டினால் வந்துவிடும், ஆனால் அது இங்கிலீஷ்காரன் ஆண்ட மண், உங்கள் தாத்தாவிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்த பெண்ணுக்கும் பையனுக்கும் கல்யாணச் சந்தையில் அன்றிலிருந்து தனி விலைதான். பிறந்த ஊரிலேயே வெளிநாட்டுக்காரியாக, இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டையோடு இருக்கிற எனக்கு அந்த விலை என்னவென்று தெரியும்.

என் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும், 2015, நீ பந்தியில் பாயசம் பரிமாறினாய். எல்லாம் முறைப்படி நடந்தது. கான்சுலேட்டில் தகுதிச் சான்று கேட்டு, இரண்டு பேர் பெயரையும் பலகையில் பத்து நாள் ஒட்டி, கல்யாணம் பதிவாகி, அதை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றி, அவருக்கு நீண்டகால விசா வாங்கி, இரண்டு பேரும் பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லுக்குப் போனோம். சமையலறையில் இங்கிருந்து கொண்டுபோன தினக் காலண்டரை மாட்டியிருந்தேன். ஒவ்வொரு மாசத்து 14-ஆம் தேதித் தாளிலும் அவர் முன்கூட்டியே பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிடுவார். எங்கள் கல்யாணத் தேதி 14. மனுஷன் மாசாமாசம் நினைத்துக்கொள்கிறாரே என்று பூரித்துப்போனேன். நான்கு வருஷம் முடிந்து ஒன்பதாவது நாள் இரண்டு சூட்கேஸோடு போய்விட்டார். மிச்சமிருந்த தாள்களை அன்று ராத்திரி புரட்டிப் பார்த்தேன், அந்த மாசத்துக்கு மேல் ஒரு 14-லும் புள்ளி இல்லை. பத்து வருஷக் கார்த் கிடைத்த பிறகும், கல்யாணத்திலிருந்து நான்கு வருஷத்துக்குள் சேர்ந்து வாழ்வது முறிந்தால் அதைத் திரும்பப் பிடுங்கலாம் என்று சட்டத்தில் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முன்னாடியே தெரிந்திருந்தது.

இரண்டு பேரும் தெரிந்தே பேப்பருக்காகச் செய்தால் அங்கே அதை வெள்ளைக் கல்யாணம் என்பார்கள், ஒருத்தர் மட்டும் ஏமாற்றினால் சாம்பல் கல்யாணம். என்னுடையது சாம்பல். தண்டனை இரண்டுக்கும் ஒன்றுதான், ஐந்து வருஷம் வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம். கும்பலாக நடத்துகிறவனுக்குப் பத்து வருஷம், 7,50,000 யூரோ வரை. உன் புரோக்கர் "நம்மாளு, தங்கமான மனுஷன்" என்றாயாமே, அந்தத் தங்கத்துக்குத்தான் இந்தக் கடைசிக் கணக்கு பொருந்தும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஜெயிலைச் சொல்லிப் பயமுறுத்த இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? சித்தியிடம் கேட்டேன், "ரெண்டு புள்ளைங்களாம், புருஷன் இல்லையாம், கஷ்டப்படுதாம்" என்றார். பெயர் தெரியவில்லை. பன்னிரண்டாயிரத்தில் அவளுக்கு எவ்வளவு என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. மேரியில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள் என்று அரசாங்கம் தருகிற உதவித்தொகைக்கு ஆபத்து. மாட்டினால் அதே ஐந்து வருஷம் அவளுக்கும் உண்டு. சேர்ந்து வாழ்வதாகக் காட்ட கரண்ட் பில்லில் உன் பெயர் வேண்டும், தபால் பெட்டியில் உன் பெயர் வேண்டும், விசாரிக்க வந்தால் குளியலறையில் உன் ஷேவிங் செட் இருக்க வேண்டும். அந்த இரண்டு பிள்ளைகளும் உன்னை என்னவென்று கூப்பிடும்? யாராவது கேட்டால் என்ன சொல்லச் சொல்லிக் கொடுப்பீர்கள்? அடுத்தவர் பேப்பருக்குள் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி, அதனால்தான் கேட்கிறேன்.

சரி, இனி உன் நிலைமை. 2023 மார்ச்சில் டூரிஸ்ட் விசாவில் போனாய், தொண்ணூறு நாள். மார்ச்சோடு மூன்று வருஷம் முடிந்துவிட்டது. நீ நினைக்கிற மாதிரி எல்லாக் கதவும் மூடவில்லை, புரோக்கர் சொல்கிற மாதிரி திறந்தும் கிடக்கவில்லை.

உனக்கு அங்கே உண்மையிலேயே ஒருத்தியைப் பிடித்து, அவளுக்கும் உன்னைப் பிடித்து, அவள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவளாகவும் இருந்தால், தாராளமாகக் கட்டிக்கொள், நானே புடவை எடுத்து அனுப்புகிறேன். பேப்பர் இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக மேரியில் கல்யாணத்தைத் தடுக்க முடியாது, 2003-லேயே அங்குள்ள அரசியல் சாசன கவுன்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சந்தேகம் வந்தால் மேயர் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிப்பார், அரசு வக்கீலுக்கு அனுப்புவார், அவர் பதினைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும், வேண்டுமானால் ஒரு மாசம், திரும்ப ஒரு மாசம் தள்ளிவைக்கலாம். கல்யாணத்துக்கு அப்புறம் ஆறு மாசம் அங்கேயே ஒன்றாக வாழ்ந்திருந்தால் ஊருக்குத் திரும்பி நீண்டகால விசா எடுக்காமலே கார்த் கேட்கலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, நாட்டுக்குள் முறைப்படி நுழைந்தவனாக இருக்க வேண்டும். விசா முடிந்து தங்கியது வேறு, நுழைந்ததே கள்ளத்தனம் என்பது வேறு, இரண்டையும் நீ குழப்பிக்கொள்கிறாய். நீ பாரிஸ் ரொஸ்ஸி ஏர்போர்ட்டில் நேராக இறங்கியவன். வேறு நாட்டு விசாவில் வேறு நாட்டில் இறங்கி பஸ் ஏறி வந்தவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

கல்யாணமே இல்லாமல் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் புரோக்கர் சொல்லமாட்டான், அவனுக்கு அதில் கமிஷன் கிடையாது. 2024 ஜனவரியில் வந்த சட்டத்தில், ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களில் வேலை பார்க்கிறவர்கள், மூன்று வருஷம் அங்கே தங்கியிருந்து, கடைசி 24 மாசத்தில் 12 மாசம் வேலை பார்த்திருந்தால், முதலாளி தயவு இல்லாமல் தாங்களே விண்ணப்பிக்கலாம். 2026 டிசம்பர் 31 வரைதான் அது. எந்த வேலை எந்தப் பகுதிக்கு என்று பட்டியல் உண்டு, கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, கார்த் தருகிற அரசு ஆபீஸான பிரெபெக்துருக்கு வேண்டாம் என்று சொல்லவும் அதிகாரம் உண்டு. ஆனால் சம்பளத்தைக் கையில் காசாக வாங்கிக்கொண்டு வருகிறாயே, நீ வேலை பார்த்தாய் என்பதற்கு ஃபிஷ் தெ பே என்கிற சம்பளச் சீட்டு இல்லாமல் எது சாட்சி? பாரிஸ் லா ஷாப்பலில் அந்த உணவகத்தில் நீ தேய்த்த பாத்திரங்கள் பேசுமா? முதலாளியிடம் சம்பளச் சீட்டு கேள். தரமாட்டேன் என்றால் தருகிற இடம் தேடு. பேப்பர் இல்லாதவர்களுக்கு இலவசமாக உதவுகிற சங்கங்கள் பாரிஸில் இருக்கின்றன, புரோக்கரிடம் போவதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை போ. மருத்துவ உதவி அட்டை, ரயில் பாஸ், டாக்டர் ரசீது, உன் பெயரும் தேதியும் போட்ட எதையும் தூக்கிப் போடாதே, மாசத்துக்கு ஒன்றாவது கவரில் போட்டு வை.

சித்தி நகைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அடகு வைத்துக் கொடு என்று. வைக்கவில்லை. பீரோவில் இருக்கிறது. இதை நீ சித்தியிடம் சொன்னால் எனக்குத் திட்டு விழும், பரவாயில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தையும், அதற்குப் பக்கத்தில் ஏர்போர்ட்டில் குத்திய முத்திரையையும் போட்டோ எடுத்து அனுப்பு. செவ்வகமாக இருக்கும், மூலையில் நட்சத்திர வட்டத்துக்குள் எஃப் எழுத்து, சின்னதாக ஒரு விமானம். 2025 அக்டோபரிலிருந்து மை முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகமும் கம்ப்யூட்டரில் பதிகிற முறை வந்துவிட்டது, ஆனால் நீ போனது அதற்கு முன்னால், நீ முறைப்படி நுழைந்தாய் என்பதற்கு அந்த மைதான் சாட்சி. போன தீபாவளிக்கு அனுப்பிய போட்டோவில் உன் கட்டைவிரல் தேதியை மறைத்துக்கொண்டிருந்தது. மேஜையில் விரித்து வைத்து, நிழல் விழாமல், நாலு மூலையும் தெரிகிற மாதிரி எடு. ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், இங்கே ஒன்பதரை, விழித்திருப்பேன்.

அக்கா
புதுச்சேரி