முதல் தங்கத்தை வென்றவரின் பெயர் எங்கே?

தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பஜ்ரங் லால் தாக்கர் என்ற பெயரைச் சொன்னால் உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2010 நவம்பரில், சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆண்கள் ஒற்றையர் துடுப்புப் படகுப் பந்தயத்தில் தங்கம் வென்றவர் அவர். ஆசிய விளையாட்டில் துடுப்புப் படகுக்காக இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

அவர் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். வறண்ட நிலத்தில் வளர்ந்தவர், ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைப் பிடித்தார். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்துத்தான் குவாங்சோ. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவே இருந்த அந்த நான்கு ஆண்டுகளைத்தான் நாம் படிக்காமல் விட்டுவிட்டோம்.

அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்றாவது எழுதியிருக்கலாம். தூரம் 2000 மீட்டர், ஒற்றையருக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம். பார்ப்பவர்கள் கைவேலை என்று நினைப்பார்கள். உண்மையில் முன்னும் பின்னும் நகரும் இருக்கையில் அமர்ந்து, கால்களால் உந்தித்தான் படகைச் செலுத்த வேண்டும். வீரர் இலக்குக்கு முதுகைக் காட்டியபடியே அதை நோக்கிப் போகிறார். முன்னணியில் இருப்பவருக்குப் பின்தங்கியவர்கள் எல்லோரும் கண்ணெதிரே தெரிவார்கள். பின்தங்கியவருக்கோ தன்னை முந்தியவர் கண்ணில் படுவதில்லை. ஒற்றையர் படகில் தாளம் சொல்லவோ, சோர்ந்த நேரத்தில் பாரத்தைப் பகிரவோ யாரும் கிடையாது. இப்படியொரு பந்தயத்தை வருணிக்கத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

அரசு அவரை மறக்கவில்லை. 2008இல் அர்ஜுனா விருதும் 2013இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. ஆனால் மக்கள் மனத்தில் ஒரு வீரரின் பெயர் தங்குவது பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுவதால்தான். கிரிக்கெட் வீரர் ஒருவரின் காயம் குறித்து வாரக்கணக்கில் எழுத உங்களிடம் இடம் இருக்கிறது. துடுப்பு வீரருக்கோ பதக்கம் வாங்கிய மறுநாள் மட்டும் ஒரு பெட்டிச் செய்தி.

அவருக்குப் பிறகும் கதை தொடர்கிறது. 2018இல் ஜகார்த்தா-பாலெம்பாங் ஆசிய விளையாட்டில் ஸ்வரண் சிங், தத்து போகனல், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகிய நால்வரும் ஒரே படகில் தங்கம் வென்றார்கள். அவர்களில் தத்து, நாசிக் மாவட்டத்தின் வறட்சிப் பகுதியிலிருந்து ராணுவத்துக்கு வந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையரில் 13ஆம் இடம் பிடித்தவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ஐந்து துடுப்புப் பதக்கங்கள். சென்னையிலோ, 1867இல் தொடங்கிய ஒரு படகுக் கழகம் அடையாற்றங்கரையில் இருக்கிறது. இந்த விளையாட்டை அந்நியமானது என்று ஒதுக்க நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

நான் கேட்பது இதைத்தான்: தேசியப் போட்டி நடக்கும்போது ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். வென்றவர் பெயரோடு நிறுத்தாமல், ஒவ்வொரு 500 மீட்டரிலும் யார் முந்தினார், எங்கே தளர்ந்தார் என்று எழுதுங்கள். தாக்கரைத் தேடிச் சென்று ஒரு முழுப்பக்கப் பேட்டி எடுங்கள். பெய்ஜிங்கில் 21ஆம் இடத்தில் முடித்த பிறகு மறுபடியும் படகில் ஏறியது எப்படி என்று அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்