மண்ணைச் சோதித்துவிட்டு உரம் போடுங்கள்: பைன் நாற்றங்கால் பொறுப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

உங்களிடம் வாங்கி நட்ட பைன் கன்றுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. போன மடலிலேயே எழுதியிருந்தேன். இப்போது ஒரே ஒரு கன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

வாங்கும்போது அது முழங்கால் உயரம், ஊசி போன்ற இலையெல்லாம் கரும்பச்சை. வரிசையிலேயே அதுதான் செழிப்பு. வெயில் ஏறியதும் தலை சாய்ந்தது. லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. பைக்குள் இருந்த மண்கட்டியைத் தாண்டி வேர் ஒரு விரல் நீளம்கூட ஓடவில்லை. கவட்டை போல இரண்டாகப் பிரிகிற குறுவேர்களைத் தேடினேன். வேருக்கு நீரும் சத்தும் எடுத்துத் தருகிற நல்ல பூஞ்சை ஒட்டியிருந்தால் அவை இருந்திருக்கும். ஒன்றுகூட இல்லை.

யூரியா தருகிற தழைச்சத்து (நைட்ரஜன்) அளவு மீறினால் தண்டும் ஊசியும் ஓடும், வேர் பின்தங்கும். மேலே குடிக்கிற வாய் பெருகும், கீழே இறைக்கிற கை இருக்காது. மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அள்ளிக் கொட்டினால் வேர்ப்பூஞ்சை சரியாக ஒட்டாது. அந்தப் பூஞ்சை இல்லாமல் பைன் தேறாது. பைன் இல்லாத நாடுகளுக்கு விதை கொண்டுபோனவர்கள் பல இடங்களில் கன்று தேறாமல் தவித்தார்கள், பைன் மரத்தடி மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் மீண்டார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம், ஊசி மஞ்சளானால் உடனே யூரியாவைக் கூட்டுகிறீர்கள். எந்த ஊசி என்று யாராவது குனிந்து பார்த்தார்களா? பழைய ஊசி முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனியில் புது ஊசி வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துதான் காரணம். பைன் நாற்றுக்குக் மண்ணின் கார அமில நிலை (pH) 5-லிருந்து 6-க்குள் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போட்டு அதை 7-க்கு மேல் ஏற்றிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அங்கே யூரியா என்ன செய்யும்? அதனால்தான் கேட்கிறேன், மண்ணைச் சோதித்துவிட்டு உரம் போடுங்கள்.

கொடுத்த கன்றுகளின் கணக்கு உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. பிழைத்தது எத்தனை என்று இதுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை என்று பழி மட்டும் எங்கள் மேல் விழுகிறது. குடம் குடமாகச் சுமந்தவர்களிடம் சொல்கிற பேச்சா இது?

சரி, வேகத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த விதைப்புக்கு முன் மண்ணைச் சோதியுங்கள். ஒரே ஒரு பாத்தியிலாவது யூரியாவைக் குறைத்து, நோயில்லாத பழைய பைன் மரத்தடி மண்ணைக் கொஞ்சம் கலந்து விதையுங்கள். அந்தப் பாத்திக் கன்றுகள் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கன்றுகளை நட்டுவரும் ஒருவர்