செல்போன் காலத்தில் குவான் ஷியாவ்-ரோங்

ஷின்ச்சு, தைவான்

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மகள் சீனத்தில் என்னைத் திருத்தும் அளவுக்கு வந்துவிட்டாள்.

"செல்போன் வைத்திருப்பவன் எல்லாம் போட்டோகிராபர், இனி நாம் எதற்கு?" என்று புலம்பியிருந்தாய். பாதி நியாயம்தான். 2014 மார்ச்சில் மாணவர்கள் இங்கே நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்தார்களே, அப்போது ரப்பர் செருப்பு இரண்டை முட்டுக்கொடுத்து ஐபேடை நிறுத்தி, உள்ளே நடந்ததை நேரலையில் காட்டினார்கள். அந்த வேகத்தோடு நம்மால் போட்டி போட முடியாது.

ஆனால் இந்த ஊர்ப் புகைப்படக்காரர் குவான் ஷியாவ்-ரோங்கைப் பார். தைப்பேயில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'ரென்ஜியென்' பத்திரிகையின் முதல் இதழ் கிடைத்தது. 1985 நவம்பர் இதழ்; ராணுவச் சட்டம் நீங்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. நடத்தியவர் சென் யிங்-ஜென், அரசியல் கைதியாக இருந்து வந்த எழுத்தாளர். அதில் கீலுங் துறைமுகத்தை ஒட்டிய பாச்சிமென் குடியிருப்பில் குவான் எடுத்த படங்கள். கிழக்குக் கரையிலிருந்து பிழைக்க வந்த ஆமிஸ் பழங்குடியினர், மீன்பிடிக் கப்பல்களில் உழைப்பவர்கள். குவான் அங்கேயே வாடகைக்குக் குடிபோய்விட்டார். வேலையில் விரல்களைப் பறிகொடுத்த ஒருவரின் கையை எடுத்திருக்கிறார், பார்த்தால் பக்கம் புரட்ட மனம் வராது. கொடி, கோஷம், தடியடி எதுவும் கிடையாது. நம் பழைய ஆசிரியராக இருந்தால் "செய்தி எங்கேய்யா?" என்று திருப்பி எறிந்திருப்பார்.

அப்புறம் 1987-ல் லேன்யூ தீவுக்குப் போய்த் தங்கினார். தாவ் பழங்குடி மக்களின் சின்னத் தீவு. 1982 முதல் அங்கே அணுக்கழிவுப் பீப்பாய்களை இறக்கி வந்தார்கள். கட்டுவது மீன் டப்பா தொழிற்சாலை என்றுதான் தங்களிடம் சொன்னார்கள் என்பது தீவுக்காரர்கள் பேச்சு. 1988 பிப்ரவரி 20 அன்று, அந்தக் கழிவைத்தான் ஆவி என்று சொல்லி, 'தீய ஆவியை விரட்டுவோம்' என்று ஊர்வலம் கிளம்பியது. பெரியவர்கள் பிரம்புக் கவசம் அணிந்து வந்தார்கள், ஆவிகளை விரட்ட அவர்கள் போடும் உடை. அன்றைக்குப் படகேறி வந்த நிருபர்களுக்கு அது வேடிக்கை உடையாகத் தெரிந்திருக்கலாம். குவானுக்கு அந்த முகங்கள் பழக்கம். செல்போன்காரனால் இதைச் செய்ய முடியாது என்றில்லை, ஆனால் எவன் வாடகை கொடுத்துத் தங்குகிறான்?

பீப்பாய்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. மார்ச்சில் பறக்கும் மீன் காலம், அப்போது லேன்யூ போகலாம் என்றிருக்கிறேன். டாக்டர் சரி என்றால் நீயும் வா. தைதுங்கிலிருந்து கப்பல், குடலைப் பிடுங்கும் என்கிறார்கள். வாந்தி மாத்திரை எடுத்து வா, பழைய நிக்கானையும்.

அன்புடன்,
ரவி