ஓர்னான் ஊர்ச் செத்தவீடு

அன்புள்ள சித்தப்பா,

நான் நல்ல சுகம். நீங்களும் சித்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

அப்பம்மாவின் செத்தவீட்டை நான் ரெஸ்ரோரன்ட்டின் பின்வாசலில் நின்றுதான் பார்த்தேன், உள்ளங்கை அளவு போனில். தம்பி வீடியோ பிடித்துக்கொண்டிருந்தான். ஐயர் தெரிந்தார், பெட்டி தெரிந்தது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தபோது என் இடத்தில் யார் நின்றார்கள் என்று மட்டும் பார்க்க முடியவில்லை. அகதி அட்டையோடு இருக்கிறவன் ஊருக்கு வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். போனைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கோப்பை கழுவினேன்.

இவ்வளவு நாள் இதைப் பற்றி எழுத மனம் வரவில்லை. போன ஞாயிறு ஒரு ஓவியத்தைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் போல இருந்தது.

சித்திரப் பாட அறையில், கரும்பலகைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கலண்டர் படத்தை ஒட்டி வைத்திருந்தீர்களே, கடலில் தெப்பம், அதன்மேல் குவியலாக மனிதர்கள்? ஜெரிக்கோ வரைந்த அந்த 'மெதூஸ் கப்பலின் தெப்பம்' இங்கே லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. பாரிஸ் வந்த புதிதில் முதலில் தேடிப் போனது அதைத்தான். கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம், 7 மீட்டருக்கு மேல் அகலம். 1816இல் நடந்த உண்மைக் கதை அது. கப்பல் தரைதட்டியதும் 147 பேரைத் தெப்பத்தில் ஏற்றி, இழுத்துப் போவதாகச் சொன்ன படகுக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். 13 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். ஜெரிக்கோ தப்பியவர்களிடம் கதை கேட்டார், தச்சரைக் கொண்டு சின்னத் தெப்பம் செய்வித்தார், பிணங்களைப் பார்த்து வரைந்து பழகினார். 1819இல் படத்தைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 27 வயதுதான்.

இவ்வளவு விசாரித்தவர், பதின்மூன்று நாள் பட்டினி கிடந்தவர்களுக்கு ஏன் அவ்வளவு திரண்ட தோளும் முதுகும் வரைந்தார் என்று யோசித்திருக்கிறேன். அவருக்கு மெலிந்த உடம்பை விட, தூரத்தில் புள்ளியாகத் தெரியும் கப்பலை நோக்கி எழும்பும் மனம்தான் முக்கியம் போல. ரொமான்டிசிசம் என்று நீங்கள் சொல்லித் தந்தது காதல் சமாச்சாரம் இல்லை, இதுதான் என்று அங்கே நின்றபோது விளங்கியது. அட்டைக்காகக் காத்திருந்த இரண்டு வருடமும் நான் அடிக்கடி போய் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, போன ஞாயிறுக்கு வருகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே மியூசியத்துக்கு டிக்கெட் காசு இல்லை. 1900இல் ரயில் நிலையமாகக் கட்டிய இடம் அது. மில்லே 1857இல் வரைந்த, கதிர் பொறுக்கும் மூன்று பெண்களின் படமும் அங்கே இருக்கிறது. அரிவு வெட்டு முடிந்த வயலில் குனிந்தவர்களுக்கு அந்த முதுகு வலி தெரியும். ஆனால் என்னை நிறுத்தியது கூர்பே என்ற ஓவியரின் 'ஓர்னானில் ஓர் அடக்கம்'.

சித்தப்பா, அதன் அகலம் ஆறரை மீட்டருக்கு மேல். அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய துணி, பெரும்பாலும் சாமிக்கும் சக்கரவர்த்திக்கும் பெரிய போருக்கும்தான். 1848இல் பிரான்சில் அரசன் போய் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த வருடமே கூர்பே தன் சொந்த ஊரான ஓர்னானின் ஒரு சாதாரணச் செத்தவீட்டை ஆளுயரத்தில் வரையத் தொடங்கினார். நாற்பது பேருக்கு மேல் வரிசையாக நிற்கிறார்கள். மேயர், பாதிரியார், தன் தாய், மூன்று சகோதரிகள், அநேகமாக எல்லோரும் அவர் முன் வந்து நின்ற ஊர்க்காரர்கள். சிவப்பு அங்கி போட்ட இரண்டு கோயில் சேவகர்களுக்கு அங்கியைப் போலவே முகமும் சிவப்பு. குழி வெட்டியவர் ஒரு முழங்காலை ஊன்றியிருக்கிறார். பெண்கள் கைலேஞ்சியால் முகத்தை மூடுகிறார்கள். நம் பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள், இவர்கள் குழி வரைக்கும் வந்திருக்கிறார்கள். முன்னால் ஒரு வெள்ளை நாய் எங்கோ திரும்பிப் பார்க்கிறது. பெட்டியை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. உள்ளே இருப்பது யார் என்றும் படம் சொல்லவில்லை. குழியோ சட்டத்தின் அடியில் பாதியில் வெட்டுப்படுகிறது. மீதிக் குழி என் காலடியில் இருப்பது போல இருந்தது.

இவ்வளவு அவலட்சணமான முகங்களை இவ்வளவு பெரிதாக வரைவதா என்று அப்போது விமர்சகர்கள் பலர் கோபப்பட்டார்களாம். அந்த முகங்களில் எனக்கு ஒரு அவலட்சணமும் தெரியவில்லை. நம் ஒழுங்கையில் இருக்கிற முகங்கள் மாதிரித்தான் இருந்தன. ஜெரிக்கோவின் படத்தில் பலர் ஒரு கப்பலை நோக்கிக் கை நீட்டுகிறார்கள், இதில் அப்படிக் கை நீட்ட ஒரு கப்பலும் இல்லை. வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வர முடியாமல் போன இடத்தில் கடைசியாக ஒரு மூலையில் நிற்க இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு கேள்வி. செத்தவீடு என்றால் சின்னத் துணியில் அடக்கமாக வரைய வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தீர்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? உங்கள் கை நடுக்கம் பற்றித் தம்பி சொன்னான். அதனால் பெரிதாக வரையச் சொல்லிக் கேட்கவில்லை. கொப்பித் தாளில் பென்சிலால் போதும். முற்றத்தில் யார் யார் எங்கே நின்றார்கள், பறை அடித்தவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள், பந்தம் பிடித்த பிள்ளைகள் எந்த ஒழுங்கில் நின்றார்கள் என்று மட்டும் காட்டுங்கள். அப்பம்மாவின் முகம் வேண்டாம், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவவின் நாய் அன்றைக்கு எங்கே படுத்திருந்தது என்பதையும் மறக்காமல் போடுங்கள்.

உங்கள் பெறாமகன்