கொள்முதல் நிலையப் பலகையில் இந்த எண்ணும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடை நேரத்து மழையில் நனைந்த நெல்லைப் பற்றி நாளேடுகள் விரிவாக எழுதுகின்றன. அந்தக் குவியலுக்குக் காவலாகத் தார்ப்பாயின் ஓரத்தில் இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் விவசாயியின் மனநிலையைப் பற்றி எழுதுவது குறைவு. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும், நகைக்கடன் வட்டியும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் மனத்தை அரிக்க, அவருக்குத் தூக்கம் கெடுகிறது, வீட்டில் எரிச்சல் கூடுகிறது. அவரிடம் 'தைரியமாக இருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது (சொல்பவருக்கு அது சுலபம்) பெரிதாக உதவாது.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது எங்கள் பகுதியில் பலரைத் தேற்றியது அறிவுரை அல்ல. அக்கம்பக்கத்தார் கூடி மரங்களை அறுத்து அகற்றியதும், ஒரே இடத்தில் உலை வைத்துப் பகிர்ந்து உண்டதுமே. அதுபோல, நெல்லுக்கு முறைவைத்துக் காவல் காத்தால் மற்றவர்கள் உறங்க முடியும். கடன்களை ஒரு தாளில் எழுதி, எதை முதலில் அடைப்பது என்று வீட்டாருடன் பேசினாலே பாரம் சற்றுக் குறையும்.

அதற்கும் மேல் மனம் தளர்ந்தவர்களுக்காக, 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் இலவசமாக, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளில் இந்த எண்ணையும் எழுதிவைக்க டெல்டா மாவட்ட நிர்வாகங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.