காணாதவைகளை வாசிக்கும் விதம்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையும் சமாதானமும் உன்னோடிருப்பதாக.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி முழுவதும் வாசித்தேன். மேலே ஒன்பது வரிசைத் தூதர்கள். கீழே பெயர் பெயராகப் பிசாசுகள், எந்தப் பாவத்துக்கு எது பொறுப்பு என்ற விவரத்தோடு. இதில் எவ்வளவு வேதத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். மிகக் கொஞ்சம்தான், அம்மா.

அந்த ஒன்பது வரிசை வந்த வழி தெரிந்ததுதான். ஏறக்குறைய கி.பி. 500-ஐ ஒட்டி, பவுலின் காலத்து அரியோபாகு தியொனீசியுவின் பெயரை வைத்துக்கொண்டு எழுதிய ஒருவர், ஏசாயாவின் சேராபீன்களையும் எசேக்கியேலின் கேருபீன்களையும் பவுல் சொன்ன துரைத்தனங்களையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று மூன்றாக அடுக்கினார். பவுல் அப்படி அடுக்கவில்லை. எபேசியர் 1:21-ஐயும் கொலோசெயர் 1:16-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவதில் துரைத்தனம், அதிகாரம், வல்லமை, கர்த்தத்துவம். இரண்டாவதில் சிங்காசனம், கர்த்தத்துவம், துரைத்தனம், அதிகாரம். வரிசையும் மாறுகிறது, பட்டியலும் மாறுகிறது. இவைகள் எல்லாவற்றுக்கும் மேலாகக் கிறிஸ்து இருக்கிறார் என்பதைச் சொல்லத்தான் இரண்டு இடத்திலும் அவன் அவைகளை எடுக்கிறான். பெயர் விஷயமும் அப்படியே. நம் 66 புத்தகங்களில் தேவனுக்கு ஊழியஞ்செய்யும் தூதரில் பெயர் சொல்லப்பட்டவர்கள் மிகாவேலும் காபிரியேலும் மட்டுமே. ரபேல் தோபித்து ஆகமத்தில் வருகிறார். கத்தோலிக்கருடைய வேதாகமத்தில் அது உண்டு, நம்முடையதில் இல்லை.

அந்தப் படத்தை அழித்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடு. பன்னிரண்டு பகுதிகள் போதும், வாரத்துக்கு ஒன்று: ஆதியாகமம் 28, உபாகமம் 32, 1 இராஜாக்கள் 22, 2 இராஜாக்கள் 6, யோபு 1-2, சங்கீதம் 82, ஏசாயா 6, எசேக்கியேல் 1, தானியேல் 10, மாற்கு 5, எபேசியர் 6, வெளிப்படுத்தல் 4-5. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள். முதல் பத்தியில் இது எந்த வகை எழுத்து என்று எழுது: சரித்திரமா, பாட்டா, தரிசனமா, நிருபமா. இரண்டாவதில், திரையை விலக்கினது யார், பார்த்தவன் யார். மூன்றாவதில், அந்தப் பரலோகத்தார் என்ன செய்கிறார்கள் என்று வினைச்சொற்களை மட்டும் எழுது. நான்காவதில், காட்சி முடிந்ததும் பார்த்த மனுஷனுக்கு என்ன நடந்தது.

நான்காவது பத்தியைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். ஏசாயா சேராபீன்களைப் பார்த்தான், உதடுகள் சுடப்பட்டான், "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்" என்றான். 1 இராஜாக்கள் 22-இல் தீர்க்கதரிசி மிகாயா சிங்காசனத்தைச் சுற்றி நின்ற வானசேனையைப் பார்த்துச் சொன்னான், கன்னத்தில் அறை வாங்கிச் சிறைக்குப் போனான். யாக்கோபு ஏணியைப் பார்த்தான், விழித்தெழுந்து கல்லை நிறுத்திப் பொருத்தனை பண்ணினான். இவர்களில் ஒருவனும் அந்தக் காட்சியைத் தேடிப் போகவில்லை. தேடிப்போனவன் சவுல். செத்துப்போன சாமுவேலை எழும்பிவரச் செய்யும்படி எந்தோரில் அஞ்சனம்பார்க்கிற ஸ்திரீயிடம் போனான், அங்கே கிடைத்தது அவனுடைய மரணச் செய்தி. திரையை விலக்குவது தேவனுடைய வேலை, அதுவும் ஒரு காரியத்துக்காகவே. இதை நீ நான்காவது பத்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. நான் சொன்னதால் மட்டும் ஏற்றுக்கொள்ளாதே.

முதல் பத்தியைத் தவறாக எழுதினால் மற்ற மூன்றும் கோணிப்போகும். எசேக்கியேலின் ஜீவன்களுக்கு ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், நான்கு செட்டை. ஏசாயாவின் சேராபீன்களுக்கு ஆறு செட்டை. வெளிப்படுத்தலில் ஆறு செட்டை, ஆனால் ஒன்றுக்கு ஒரு முகம்: சிங்கம், காளை, மனுஷன், கழுகு. தரிசனத்தை உடற்கூறு பாடமாக வாசிக்கிறவன் இங்கே முட்டிக்கொள்வான். சாலொமோனின் ஆலயத்திலோ கணக்கு உறுதியாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே தச்சுவேலை விவரிக்கப்படுகிறது. மகா பரிசுத்தமான இடமாகிய சந்நிதி ஸ்தானத்தில் ஒலிவ மரத்தால் செய்து பொன்தகடு மூடின இரண்டு கேருபீன்கள். உயரம் பத்து முழம், அதாவது ஏறக்குறைய 15 அடி. ஒரு செட்டை ஐந்து முழம். இரண்டும் செட்டைகளை விரித்தால் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இருபது முழம், நடுவில் செட்டையோடு செட்டை தொடும். வாழ்த்து அட்டையில் வரும் கொழுகொழு குழந்தைகளுக்கும் இவைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏதேன் வாசலைக் காவல்காத்ததும் கேருபீன்களே. பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏன் உள்ளே போனான் என்பது இந்த அளவுகளை மனதில் வைத்துப் பார்த்தால் புரியும்.

அடுத்தது நம் தமிழ் வேதாகமம் சம்பந்தப்பட்டது. பழைய திருப்புதலை நான் உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் இந்த விஷயத்தில் சில சொற்கள் நம்மைத் தடுமாற வைக்கும். கிரேக்கில் 'தியாபொலொஸ்' என்பது ஒரே ஒருவன், குற்றஞ்சாட்டுகிறவன், இயேசுவை வனாந்தரத்தில் சோதித்தவன். 'தைமோனியோன்' என்பவை பல, மனுஷரைப் பிடிக்கிறவைகள். தமிழில் இரண்டுக்கும் 'பிசாசு' என்றே போட்டிருக்கிறது. மத்தேயு 4:1-ஐயும் 10:8-ஐயும் ஒப்பிட்டுப் பார். அதனால்தான் ஒவ்வொரு தலைவலிக்கும் சாத்தானே நேரில் வந்ததாகப் பேசுகிற பழக்கம் நம்மிடம் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. 'பாதாளம்' இன்னொன்று. லூக்கா 16-இல் ஐசுவரியவான் வேதனைப்பட்ட இடம் கிரேக்கில் 'ஹாதேஸ்'. லூக்கா 8-இல் லெகியோன் என்ற பிசாசுக் கூட்டம் தங்களை அனுப்பவேண்டாம் என்று கெஞ்சின இடம் 'அபூஸொஸ்'. லூக்கா இரண்டு சொல் எழுதினான், நமக்கு ஒன்றுதான் கிடைத்தது. 'ஆவி' என்றவுடன் தமிழன் காதில் விழுவது செத்தவனுடைய ஆவி. எபிரெயத்தில் 'ரூவாஹ்' காற்று, மூச்சு, ஆவி மூன்றும்தான். நோட்டில் இந்தச் சொற்கள் வரும்போதெல்லாம் மூலச்சொல் எது என்று ஓரத்தில் குறித்து வை. மூலச்சொற்களுக்கு எண் கொடுத்த ஒத்தவாக்கிய அகராதி ஒன்று இருந்தால் பத்து நிமிஷ வேலை.

சங்கீதம் 82-க்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள், கடினமானது. "தேவசபையிலே தேவன் எழுந்தருளியிருக்கிறார், தேவர்களின் நடுவிலே அவர் நியாயம் விசாரிக்கிறார்." யார் இந்தத் தேவர்கள்? இஸ்ரவேலின் நியாயாதிபதிகள் என்று ஒரு சாரார் சொல்லுவார்கள். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இங்கே 'தேவர்கள்' என்பதற்கு எபிரெயத்தில் வரும் சொல் 'ஏலோஹிம்', யாத்திராகமம் 21:6-இல் அதே சொல்லை நம் திருப்புதல் 'நியாயாதிபதிகள்' என்றே எடுக்கிறது. பரலோக சபையிலுள்ளவர்கள் என்று மறுசாரார் சொல்லுவார்கள். நான் இரண்டாவதின் பக்கம். ஏழாம் வசனம் "மனுஷரைப்போலச் செத்து" என்கிறது. மனுஷரிடமே மனுஷரைப்போலச் சாவீர்கள் என்று தீர்ப்புச் சொல்வதில் என்ன தீர்ப்பு இருக்கிறது? யோபு 1-இல் தேவபுத்திரர் கர்த்தருடைய சந்நிதியில் வந்து நிற்பதும், 1 இராஜாக்கள் 22-இல் வானசேனை இருபுறமும் நிற்பதும் இதோடு ஒத்துப்போகின்றன. அப்படியானால் பல தெய்வங்களா என்று பயப்படாதே. 'ஏலோஹிம்' என்ற சொல் கர்த்தருக்கும் வரும், புறஜாதி தெய்வங்களுக்கும் வரும், எந்தோரில் எழும்பிவந்த சாமுவேலுக்கும் வரும். சொல் ஒன்று என்பதால் தன்மை ஒன்றாகிவிடாது. சிருஷ்டித்தவர் ஒருவரே, சபையில் நிற்கிறவர்கள் சிருஷ்டிக்கப்பட்டவர்கள். விசாரிக்கிறவர் அவர், விசாரிக்கப்படுகிறவர்கள் இவர்கள். குற்றம் என்ன என்றும் பார்: ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயஞ்செய்யாமல் போனார்கள். காணாத உலகத்து வழக்கில் சாட்சிக்கு வந்து நிற்பது தெருவில் நிற்கிற அநாதைப் பிள்ளை.

இதோடு உபாகமம் 32:8-ஐச் சேர்த்து வாசி. நம் திருப்புதலில் ஜனங்களின் எல்லைகள் "இஸ்ரவேல் புத்திரருடைய தொகைக்குத்தக்கதாய்" என்று இருக்கிறது. யூத அறிஞர் காத்துவந்த மசோரெத்து எபிரெய மூலம் அப்படித்தான். சவக்கடலோரத்தில் 1952-இல் கண்டுபிடிக்கப்பட்ட கும்ரான் 4-ஆம் குகையின் ஒரு சுருள்துண்டில் 'தேவபுத்திரர்' என்று இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தில் 'தேவதூதர்'. ஆதியாகமம் 10-இல் பேர் சொல்லப்பட்ட ஜாதிகள் 70, எகிப்துக்குப் போன யாக்கோபின் வீட்டாரும் 70 என்பதால் மசோரெத்து வாசகத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனாலும் ஜாதிகள் பிரிக்கப்பட்டபோது இஸ்ரவேல் என்றொருவன் பிறந்திருக்கவே இல்லை. பழைய சுருளின் வாசகமே மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி வாசித்தால் தானியேல் 10-இல் பெர்சியாவின் அதிபதி, கிரேக்கு தேசத்தின் அதிபதி என்று திடீரென்று வருகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் விளங்கும்.

ஆதியாகமம் 6-ஐ நான் பட்டியலில் சேர்க்கவில்லை. தேவகுமாரர் என்பது சேத்தின் வம்சம் என்று அகுஸ்தீன் சொன்னார், தூதர்கள் என்று அதற்கு முந்தின யூத எழுத்துகள் சொல்லின. யூதா 6-ஆம் வசனம் இரண்டாவதின் பக்கம் சாய்கிறது. நான்கே வசனம். அதன்மேல் மாளிகை கட்டவேண்டாம்.

'லூசிபர்' பற்றிக் கேட்டாய். அது சாத்தானுக்குப் பிறப்பில் வைத்த பெயர் என்று எங்கும் எழுதியில்லை. ஏசாயா 14:12-இல் எபிரெயம் 'ஹேலேல்'. நம் தமிழில் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே". லத்தீன் வேதாகமமாகிய வுல்காத்தாவில் அந்த விடிவெள்ளிக்குப் போட்ட சொல் 'லூசிபெர்', அவ்வளவுதான். நான்காம் வசனத்திலேயே இது பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லும் வாக்கியம் என்று இருக்கிறது. அதே வுல்காத்தா 2 பேதுரு 1:19-இல், நம் இருதயங்களில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறது. ராஜாவின் பெருமைக்குப் பின்னால் இன்னொரு பெருமையின் நிழல் தெரிகிறது என்று சபைப்பிதாக்கள் வாசித்ததை நான் தள்ளவில்லை. ஆனால் முதலில் ராஜாவைப் பார், பிறகு நிழலைப் பார்.

இனி நடைமுறை. உன் ஜெபக்குழுவில் தேசங்களை ஆளும் ஆவிகள் என்று 'தேசத்து அதிபதிகளை'ப் பேர்சொல்லிக் கட்டி ஜெபிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தானியேல் 10-ஐ நிதானமாக வாசி. மூன்று வாரம் ருசிகரமான அப்பமும் இறைச்சியும் திராட்சரசமும் இல்லாமல் இருந்தான். முதல் நாளிலேயே அவன் வார்த்தைகள் கேட்கப்பட்டன. இருபத்தொரு நாள் போராட்டம் மேலே நடந்தது. தானியேலுக்கோ அது முடிந்தபிறகுதான் தெரியும். அவன் ஜெபித்தது தேவனிடம், பேசினது தன்னிடம் அனுப்பப்பட்டவனோடு, பெர்சியாவின் அதிபதியோடு ஒரு சொல்லும் இல்லை. யூதா 9-இல் மிகாவேலே தூஷணமாய்ப் பேசத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று நிறுத்திக்கொண்டான். பிடிக்கப்பட்ட ஒரு மனுஷன் முன்னால் நிற்கும்போது இயேசுவின் நாமத்தில் கட்டளையிட்டதற்குப் பவுலிடம் உதாரணம் உண்டு. ஆகாயத்தை நோக்கிச் சவால் விட்டதற்கு உதாரணம் இல்லை. அந்த நாமத்தையே சூத்திரமாக எடுத்த ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேரும் நிருவாணமாய், காயப்பட்டு ஓடினதை அப்போஸ்தலர் 19-இல் படி.

வியாதிக்காரரைப் பார்த்தவுடன் பிசாசு என்று சொல்ல யாருக்கும் இடங்கொடுக்காதே. மத்தேயு 4:24 பிணியாளிகளையும், பிசாசுபிடித்தவர்களையும், சந்திரரோகிகளையும், திமிர்வாதக்காரரையும் தனித்தனியாக எண்ணுகிறது. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஜெபவீரர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடு.

எபேசியர் 6-க்கு வரும்போது ஏசாயா 59:17-ஐத் திறந்து வைத்துக்கொள். நீதியின் மார்க்கவசத்தையும் இரட்சிப்பின் தலைச்சீராவையும் அங்கே அணிந்திருப்பவர் கர்த்தர். பவுல் அவருடைய உடுப்பைத்தான் நமக்கு உடுத்துகிறான். உடுத்தியபின் நமக்குச் சொல்லப்படும் வினைச்சொல்லையும் மூன்றாவது பத்தியில் எழுது: நில்லுங்கள்.

தொடக்கத்துக்கு 2 இராஜாக்கள் 6:8-23 எடு. தோத்தான் பட்டணம். விடியற்காலையில் எலிசாவின் வேலைக்காரன் வெளியே வந்து, பட்டணத்தைச் சூழ்ந்த சீரியருடைய இராணுவத்தைக் காண்கிறான், "ஐயோ, என் ஆண்டவனே, என்னசெய்வோம்" என்கிறான். எலிசா மூன்று ஜெபம் செய்கிறான். இவன் கண்களைத் திறந்தருளும். இந்த ஜனங்களுக்குக் கண்மயக்கம் உண்டாக்கும். சமாரியாவுக்குள் போனதும், இவர்கள் கண்களைத் திறந்தருளும். மூன்றும் கண்ணைப் பற்றியதுதான். மலை நிறைய நிற்கிற அக்கினி இரதங்களுக்கு மூன்றாவது பத்தியில் எழுத ஒரு வினைச்சொல்லும் கிடைக்காது. தேடிப் பார், நிற்கின்றன, அவ்வளவே. ஒரு அம்பும் எய்யவில்லை. பிடிபட்டவர்களை வெட்டலாமா என்று கேட்ட இஸ்ரவேலின் ராஜாவிடம் எலிசா அப்பமும் தண்ணீரும் வைக்கச் சொல்லுகிறான். ராஜா பெரிய விருந்தே பண்ணி அவர்களை அனுப்புகிறான். நான்காவது பத்தியில் அந்த விருந்தை எழுது.

பக்கம் முடிந்ததும் படமெடுத்து அனுப்பு. அம்மாவும் இங்கே அதே பகுதியை அதே வாரம் எழுதுகிறாள், இரண்டையும் வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா