இடைவெளி வேறு, மோதலிடைத் தூரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் காற்றைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல எளிய நடை. ஆனால் மூலக்கூறுகள் தங்களுக்கு இடையே உள்ள 3 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) இடைவெளியைக் கடந்ததுமே மோதிக்கொள்கின்றன என்று எழுதியிருப்பது தவறு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வருடா வருடம் விடைத்தாளில் எழுதும் அதே தவறு என்பதால் சும்மா விட மனம் வரவில்லை.

இடைவெளி 3 நானோமீட்டருக்குச் சற்று அதிகம், சரி. ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு அடுத்த மோதலுக்கு முன் சராசரியாக 68 நானோமீட்டர் போகிறது; இதுதான் மோதலிடைத் தூரம். ஏறக்குறைய இருபது மடங்கு! வகுப்பில் இப்படிச் சொல்வேன்: மூலக்கூறு ஒரு நெல்லிக்காய் என்றால், பக்கத்து நெல்லிக்காய் ஒரு சாண் தள்ளி இருக்கும். ஆனால் ஓடுகிற நெல்லிக்காய் இன்னொன்றில் முட்டுவதற்குள் 15 அடி போய்விடும். பக்கத்தில் இருப்பவை எல்லாம் வழியில் குறுக்கே நிற்பதில்லையே.

இந்தத் தூரம் பிறந்த கதையும் கட்டுரையில் இடம்பெற்றிருக்கலாம். வாயு மூலக்கூறுகள் வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்று 1857இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் எழுதினார். அப்படியானால் அறையில் புகை ஏன் உடனே பரவாமல் அப்படியே தொங்குகிறது என்று டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் கேட்டார். அருமையான கேள்வி. கிளாசியஸ் அதைத் தட்டிக்கழிக்காமல் மறு ஆண்டே பதில் தந்தார்: வேகம் உண்மைதான், ஆனால் நேராகப் போக விடாமல் மோதல்கள் திருப்பிவிடுகின்றன. வினாடிக்குச் சுமார் 700 கோடி மோதல் என்பது இன்றைய கணக்கு. சமையலறைத் தாளிப்பு வாசனை கூடத்துக்கு வருவதுகூடப் பெரும்பாலும் காற்றோட்டத்தால்தான். காற்று அசையவே இல்லையென்றால் பத்தடி பரவ நாள்கணக்காகும்.

அப்புறம், அழுத்தம் குறையக் குறைய இந்தத் தூரம் கூடும் என்பதையும் சேர்த்திருக்கலாம். அழுத்தத்தை நூறு கோடியில் ஒரு பங்காக்கினால் 68 நானோமீட்டர் 68 மீட்டராகிவிடும். காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஆடிக்கு அலுமினியப் பூச்சு போடுவதற்கு வெற்றிட அறை தேவைப்படுவது இதனால்தான். ஆவியான அலுமினிய அணு வழியில் காற்றில் முட்டாமல் நேராக ஆடியில் போய்ப் படிய வேண்டும்.

அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். உங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டும் ஆசிரியர்கள் உண்டு, நானும் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
திருவாரூர்